பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, எங்கள் வீட்டுடையது தெரியவில்லை

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பா புது லப்டொப் ஒன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதல் மூன்று நாள் வீட்டு வைஃபையில் நன்றாக ஓடியதாம். ஒரு பின்னேரம் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு லப்டொப்பின் பட்டியலில் வீட்டு வைஃபையின் பெயரே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடையது தெரிகிறது, எதிரே இருக்கும் விடுதியினுடையது தெரிகிறது. அம்மாவின் போனும் தங்கச்சியின் போனும் அதே வீட்டு வைஃபையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. ஒரு கடையில் காட்டியபோது லப்டொப்புக்குள் இருக்கும் வைஃபை கார்ட் போய்விட்டது, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார்களாம். தெரிந்த இன்னொருவர், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரிவரும் என்றாராம். திங்கட்கிழமை தங்கச்சிக்கு ஒன்லைன் வகுப்பு.

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். வைஃபை கார்ட் போயிருந்தால் பக்கத்து வீட்டு வைஃபை எப்படித் தெரியும்? காது கேட்காதவருக்கு ஒருவர் குரல் மட்டும் கேட்குமா? விண்டோஸை அழிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. சித்தப்பா போட்டுக் கொடுத்த கணக்கு, ஒஃபிஸ் மென்பொருள் எல்லாம் போகும். அழித்துப் போட்ட பிறகும் இதே பிழை அப்படியே இருக்கும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். பாலையூற்றில் இருந்து ஒருவர் இதே மாதிரி கனடா லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு இரவு மினக்கெட்டு, இரண்டு தடவை விண்டோஸ் போட்டேன். என் மேசையில் அருமையாக வேலை செய்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதும் பழையபடி ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை லப்டொப்பை இங்கே வாங்கி வைக்காமல், நான் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் விளங்கியது, பழுது லப்டொப்பில் இல்லை, ரவுட்டரிலும் இல்லை. இரண்டும் வெவ்வேறு நாட்டுச் சட்டத்துக்குப் படிந்து நடக்கின்றன. அவ்வளவுதான்.

வைஃபை என்பது ஒரு வானொலிதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியை 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் சனல்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலாம் சனல் 2412 மெகாஹேர்ட்ஸில் இருக்கிறது, 11ஆம் சனல் 2462இல், 13ஆம் சனல் 2472இல். இலங்கை, இந்தியா, ஐரோப்பா எல்லாம் 1 முதல் 13 வரை பாவிக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் கருவிகள் வழக்கமாக 11உடன் நின்றுவிடும். அங்கே 2483.5 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கும் பகுதியை வேறு சேவைகளுக்காகக் கடுமையாகப் பாதுகாக்கிறார்கள். அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய் வில்லங்கப்படுவதை விட 12, 13 இரண்டையும் மூடிவிடுவது உற்பத்தியாளர்களுக்கு லேசான வழி. ஆகவே உங்கள் லப்டொப் ஒரு ரேடியோப் பெட்டி என்றால், அதன் முள் 11இல் முட்டி நின்றுவிடுகிறது. 13இல் யார் பாடினாலும் அதற்குக் கேட்காது. மெல்லிதாகக் கூடக் கேட்காது. பெயரே வராது.

இனி கரண்ட் போன கதை. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை சனலைத் தாங்களே தெரிந்தெடுக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கும்போது சுற்றுமுற்றும் கேட்டுப் பார்த்து, நெரிசல் குறைந்த இடத்தில் போய் உட்காரும். உப்புவெளியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை விடுதி, விடுதிக்கு நாலு வைஃபை. 1, 6, 11 மூன்றிலும் நெரிசல் என்றால் உங்கள் ரவுட்டர் 12க்கோ 13க்கோ போவது நியாயந்தான், இலங்கையில் அதற்கு அனுமதியும் உண்டு. முதல் மூன்று நாளும் அது 11க்குள் ஏதோ ஒன்றில் இருந்திருக்கும். கரண்ட் வந்ததும் இடம் மாறிவிட்டது. இப்படி நடக்கும் வீடுகளில் இன்னொரு கூத்தும் உண்டு: அடுத்த தடவை கரண்ட் போய் வந்தால் சில வேளை லப்டொப் தானாகவே சரியாகிவிடும். அதற்குக் கொஞ்சம் முந்தி யாராவது ஏதாவது செய்திருந்தால், அவர்தான் திருத்தினார் என்று பெயர் வாங்குவார்.

போன்கள் எப்படித் தப்பின? போன் தான் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத் தொலைபேசிக் கோபுரத்தில் இருந்தே அறிந்துகொள்ளும். ஒவ்வொரு நாட்டு வலையமைப்புக்கும் ஓர் எண் உண்டு, இலங்கையுடையது 413. அதைக் கண்டதும் போன் 13 சனலையும் திறந்துகொள்ளும். லப்டொப்புக்கு சிம் இல்லை. சில வைஃபை கார்டுகள், முக்கியமாக இன்டெல் தயாரிப்புகள், சுற்றியுள்ள ரவுட்டர்கள் சொல்லும் நாட்டுக் குறியைக் கேட்டுத் தங்களை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். மற்றவற்றில் பல, தொழிற்சாலையில் எழுதிய நாட்டோடு காலம் முழுக்க இருந்துவிடும். சித்தப்பாவைப் போலத்தான், வந்து இறங்கி ஒரு கிழமை ஆகியும் ரொறன்ரோ நேரத்துக்கு நித்திரை கொள்கிறவர்கள் உண்டுதானே.

சரி, நான் சொல்வதை நம்பாமல் முதலில் சோதித்துப் பாருங்கள். அம்மாவின் போனில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, லப்டொப்பை அதில் இணையுங்கள். போன்களின் ஹொட்ஸ்பொட் பெரும்பாலும் 11க்குக் கீழேதான் இருக்கும். இணைந்து ஒரு பக்கம் திறந்துவிட்டால் கார்டும் நல்லது, அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவரும் நல்லது, விண்டோஸும் நல்லது. இரண்டு நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்ட் மாற்றச் சொன்னவரிடம் நீங்கள் இனிமேல் போகாமல் இருப்பதே நல்லது. அப்புறம், தங்கச்சியின் போனில் சுற்றியுள்ள வைஃபைகளின் சனல் எண்ணைக் காட்டும் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயருக்குப் பக்கத்தில் 12 அல்லது 13 என்று நின்றால் வழக்கு முடிந்தது.

திருத்துவது ரவுட்டரில். ரவுட்டரின் அடியில் அல்லது பின்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற ஒரு முகவரியும், நிர்வாகப் பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். வைஃபையில் இருக்கும் போனின் உலாவியில் அந்த முகவரியை அடித்து உள்ளே போங்கள். வைஃபை அல்லது டபிள்யூலான் என்ற பகுதியில், 2.4 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே, சனல் என்ற இடத்தில் ஓட்டோ என்று இருக்கும். அதை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக மாற்றிச் சேமியுங்கள். ஏன் இந்த மூன்று மட்டும் என்றால், ஒரு வைஃபை பேசும்போது தன் சனலில் மட்டும் பேசாது, இரண்டு பக்கமும் பரந்து நாலைந்து சனல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1, 6, 11 மூன்றும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருக்கின்றன. நடுவில் 3 அல்லது 8 என்று போட்டால், ஆடி மாதத்தில் இரண்டு கோயிலுக்கு நடுவில் வீடு இருப்பது மாதிரி, இரண்டு ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒன்றும் விளங்காது. அனலைசரில் எது குறைந்த கூட்டமாகத் தெரிகிறதோ அதைப் போடுங்கள். சேமித்ததும் ரவுட்டர் சில விநாடி காணாமல் போய்த் திரும்பி வரும். லப்டொப்பின் பட்டியலில் வீட்டுப் பெயர் அப்போதே நிற்க வேண்டும்.

சில இணைப்புகளில் நிறுவனமே ரவுட்டரைப் பூட்டி வைத்திருக்கும், ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்ட் உள்ளே விடாது. அப்படியென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, இணையம் வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள், அத்தோடு முடிந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் சனலை ஓட்டோவில் இருந்து எடுத்து 6இல் நிலையாக வைத்துவிடுங்கள் என்று நேராகக் கேளுங்கள். தூரத்தில் இருந்தே மாற்றிவிட அவர்களால் பெரும்பாலும் முடியும்.

லப்டொப் பக்கத்திலும் ஒரு வழி சில கார்டுகளில் இருக்கிறது. கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் வைஃபை கார்டின் மேல் இரண்டு தடவை தட்டி, அட்வான்ஸ்ட் என்ற பக்கத்துக்குப் போனால், நாடு அல்லது பிராந்தியம் என்ற தெரிவு இருக்கலாம். இருந்தால் 1 முதல் 13 வரை என்பதைத் தெரிந்தெடுங்கள். இல்லாவிட்டால் தேடி அலைய வேண்டாம், ரவுட்டரை மாற்றுவதே போதும்.

உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸும் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்து லப்டொப்பை அதில் விடலாம். வேகமும் கூட. ஆனால் அது சுவருக்குப் பயந்தது. ரவுட்டர் முன் விறாந்தையிலும் தங்கச்சி பின் அறையிலும் இருந்து, நடுவில் பழைய காலத்துத் தடித்த சுவர் இரண்டு இருந்தால், 5 கிகாஹேர்ட்ஸ் அங்கே போய்ச் சேரும்போது களைத்துவிடும். ஒரே அறைக்குள் என்றால் அதுதான் நல்லது.

உங்கள் கேள்விக்கு இதுவே பதில். ஆனாலும் என் கணிப்புப் பிழைக்க இடம் உண்டு, இதைப் படிக்கும் வேறு யாருடைய புது லப்டொப்புக்கும் வேறு காரணம் இருக்கும். ஆகவே நான் ஒரு வீட்டுக்குப் போனால் என்ன வரிசையில் பார்ப்பேன் என்று எழுதிவிடுகிறேன். மனதில் வைக்க வேண்டியது, இணையம் லப்டொப்புக்கு நாலு கட்டமாக வருகிறது: கார்ட் ரவுட்டரைக் கேட்க வேண்டும், ரவுட்டர் ஒரு முகவரி கொடுக்க வேண்டும், ரவுட்டரில் இருந்து வெளியுலகுக்கு வழி இருக்க வேண்டும், தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தர ஒருவர் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், நல்லாக இருந்த மற்ற மூன்றையும் கெடுத்துக்கொள்வோம்.

நான் முதலில் கேட்பது லப்டொப்பைப் பற்றியே இல்லை. "போனில் வேலை செய்கிறதா" என்று கேட்பேன். "ஓம், செய்கிறது" என்பார்கள். போனை வாங்கி மொபைல் டேட்டாவை நிறுத்துவேன். உடனே போனும் படுத்துவிடும். வீட்டு இணைப்பு இரண்டு நாளாகவே செத்துக் கிடந்திருக்கும், போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பழி முழுக்கப் புது லப்டொப்பின் தலையில். ஃபைபர் இணைப்பு என்றால் ரவுட்டரில் லொஸ் (LOS) என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியில் இருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள், வீட்டுக்குள் யாரும் எதையும் திருத்த முடியாது. நீங்களும் இப்போதே ஒரு தடவை மொபைல் டேட்டாவை நிறுத்திப் பார்த்துவிடுங்கள் தம்பி, எல்லாம் அதற்குப் பிறகு.

லப்டொப்பில் வைஃபை என்ற சொல்லே இல்லை, எந்த வைஃபையும் தெரியவில்லை என்றால் அது வேறு நோய். முதலில் விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை அமத்துப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பத்தில் ஒன்று அதுதான். இல்லையென்றால் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் குறியோடு நெட்வேர்க் கொன்ட்ரோலர் என்று ஏதும் நிற்கிறதா பாருங்கள். நின்றால் கார்ட் இருக்கிறது, அதற்கு ட்ரைவர் இல்லை. இது விண்டோஸ் இல்லாமல் விற்கும் லப்டொப்களில் சர்வசாதாரணம். டொஸ் லப்டொப் என்று கடையில் சொல்வார்கள். வாங்கும்போது கடையிலேயே பென் டிரைவில் இருந்து விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள். அந்த விண்டோஸ் பிரதி லப்டொப்பை விடப் பழசு என்றால், அதற்கு இந்தப் புது வைஃபை கார்டைத் தெரியாது. ட்ரைவர் இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக ட்ரைவர் வேண்டும். நல்ல சிக்கல்.

இதை அவிழ்க்க உங்களிடமே ஒரு சாமான் இருக்கிறது: போன் சார்ஜ் செய்யும் வயர். அன்ட்ரொய்ட் போனை யூ.எஸ்.பி வயரால் லப்டொப்பில் கொழுவி, போனின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கும் இடத்தில் யூ.எஸ்.பி டெதரிங் என்பதைப் போடுங்கள். வைஃபை கார்டே இல்லாத கணினியிலும் இது வேலை செய்யும், ஏனென்றால் விண்டோஸ் அந்தப் போனைக் கம்பி இணைப்பு என்று நினைக்கிறது, அதற்கான ட்ரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஐபோனுக்கு ஆப்பிளின் ட்ரைவர் தனியாக வேண்டும், அது இந்த நேரத்தில் உதவாது. வயர் சார்ஜுக்கு மட்டும் செய்த மலிவு வயராக இருந்தாலும் ஒன்றும் நடக்காது. படம், கோப்பு மாற்றக்கூடிய வயர் வேண்டும். இணைந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலும் அதுவே ட்ரைவரைத் தேடிப் போட்டுவிடும். தேடாவிட்டால் லப்டொப்பின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தை அதன் தயாரிப்பாளரின் தளத்தில் அடித்து, அங்கிருந்து எடுங்கள். ட்ரைவர் பொதியை வேறு எங்கிருந்தும் இறக்காதீர்கள். ஒரு கிளிக்கில் எல்லா ட்ரைவரும் போட்டுத் தருகிறோம் என்னும் மென்பொருட்களோடு வருகிற குப்பையைக் கழுவவே எனக்கு ஒரு நாள் போகும்.

கார்ட் யாருடையது என்று தெரியவில்லையா? டிவைஸ் மனேஜரில் அந்த மஞ்சள் குறியைத் திறந்து, டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வெயார் ஐடி என்பதைப் பாருங்கள். வென் (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 8086 என்று இருந்தால் இன்டெல். 1978இல் வெளிவந்த தங்கள் 8086 புரொசசரின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 10ஈசி என்றால் ரியல்டெக். 14சி3 என்றால் மீடியாடெக். இந்த நாலெழுத்துத் தெரிந்தால் தேடுவது பாதியாகக் குறைந்துவிடும்.

இதே வயர் இன்னோர் இடத்திலும் கை கொடுக்கும். புது லப்டொப்பை முதன்முதலாகத் திறக்கும்போது, விண்டோஸ் 11 ஹோம் இணையம் தந்தால்தான் மேலே போவேன் என்று அடம்பிடிக்கும். வைஃபை ட்ரைவரும் இல்லையென்றால் அந்தத் திரையிலேயே நின்றுவிடும். ஷிஃப்டையும் எஃப் 10ஐயும் சேர்த்து அமத்தி ஒரு கட்டளை அடித்துத் தாண்டும் குறுக்கு வழியைப் பலர் சொல்வார்கள். மைக்ரோசொஃப்ட் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. போனைக் கொழுவினால் குறுக்கு வழியே தேவையில்லை.

நேற்று வரை இருந்த வைஃபை கார்ட் இன்று டிவைஸ் மனேஜரிலேயே இல்லை, அல்லது கார்ட் தொடங்கவில்லை என்று பொருள்படும் கோட் 10ஐக் காட்டுகிறது என்றால், லப்டொப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்ததும் பல வேளை கார்ட் விழித்துக்கொள்ளும். மூடி வைத்தால் போதாது, சாதாரணமாக நிறுத்தினாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அமத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுதாகப் படுக்கும்.

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை என்று பூமி உருண்டைப் படம் காட்டுகிறது. அடுத்த வகை இது. அந்தப் படம் எப்படி வருகிறது தெரியுமா? விண்டோஸ் ஒவ்வொரு தடவை இணையும்போதும் மைக்ரோசொஃப்டின் சேவையகத்தில் இருந்து ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கும். அதில் எழுதியிருக்க வேண்டிய மூன்று சொல் அப்படியே வந்தால் இணையம் உண்டு, வேறு ஏதும் வந்தாலோ வராவிட்டாலோ இல்லை. நிலாவெளிப் பக்கத்து விடுதி வைஃபைகளில் அறை எண்ணும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பக்கம் வருகிறதே, அது அந்தச் சின்னக் கோப்புக்குப் பதிலாகத் தன் பக்கத்தைக் கொடுத்துத்தான் வருகிறது. சில வேளை இந்தச் சோதனை மட்டும் தோற்று, தளங்கள் எல்லாம் நன்றாகத் திறக்கும். ஆகவே உருண்டையை நம்பாமல் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

திறக்காவிட்டால், தேடும் பெட்டியில் சி-எம்-டி என்று அடித்துக் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகொன்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுங்கள். உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, லப்டொப் தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது. ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள். சின்னப் பொக்கெட் ரவுட்டர் என்றால் அதில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், ஓர் அளவுக்கு மேல் அது ஆளைச் சேர்க்காது. முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால், பிங் (ping) என்று அடித்து இடைவெளி விட்டு, கூகுளின் முகவரியான 8.8.8.8 போடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக்கும் இடம்தான் பிழை. வைஃபை செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் போட்டால் சரியாகும். பதிலே வராவிட்டால், புது லப்டொப்போடு இலவசமாக வந்த அன்டிவைரஸையும் இணையத்தை வேறு வழியால் சுற்றிவிடும், யாரோ போட்டுவிட்ட விபிஎன்னையும் கழற்றிப் பாருங்கள். இவை இரண்டும் நடுவில் நின்று வழி மறிப்பதைக் கண்டு கண்டு எனக்குச் சலித்துவிட்டது.

திகதியும் நேரமும். கனடாவில் இருந்து வந்த லப்டொப்புக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும், அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பல தளங்களின் சான்றிதழ் 90 நாளுக்கு மட்டுமே செல்லும். லப்டொப்பின் திகதி சில மாதம் தள்ளியிருந்தால் எல்லாத் தளமும் பாதுகாப்பற்றவை என்று உலாவி கத்தும். ரொறன்ரோ நேரம் காட்டினால் அதனால் இணையம் நிற்காது. நிற்கச் செய்வது நாங்கள் செய்யும் திருத்தம்: நேர வலயத்தை ரொறன்ரோவிலேயே விட்டுவிட்டு, மணியை மட்டும் எங்கள் மணிக்குத் தள்ளி வைப்பது. அப்போது லப்டொப்பின் உள்மணி உலக மணியை விட ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும். சில கணக்குகள் உள்ளே விடாது, தங்கச்சியின் வகுப்பு நேரமும் தாறுமாறாகக் காட்டும். மணியைத் தொடாதீர்கள். வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர என்று மாற்றி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி விடுங்கள்.

கார்டே மாற்ற வேண்டிய நிலை உண்மையாக வந்தால் ஒரு சொல்: கொழும்பில் இருந்து எதையாவது எடுப்பித்துவிடாதீர்கள். இன்டெல் ஏஎக்ஸ் 211 என்ற கார்ட் பொருத்தமான இன்டெல் புரொசசரோடு மட்டும்தான் வேலை செய்யும், ஏஎக்ஸ் 210 அப்படி இல்லை. பெயர் ஓர் இலக்கம்தான் வித்தியாசம், பார்வைக்கும் ஒன்றுபோல. மெல்லிய லப்டொப்கள் சிலவற்றில் கார்டைப் பலகையோடு ஒட்டியே வைத்திருப்பார்கள், கழற்றவே முடியாது. கனடாவில் வாங்கியதற்கு உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று சித்தப்பாவைக் கேட்டுவிட்டு மூடியைத் திறவுங்கள். அவசரத்துக்கு யூ.எஸ்.பியில் குத்தும் சின்ன வைஃபை டொங்கிள் ஒன்று போதும். இங்கே வாங்கினால் அது பெரும்பாலும் 13 சனலையும் கேட்கும்.

இன்னொன்று கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு. லப்டொப் புதிது, ரவுட்டர் பழசு. திருக்கடலூரில் ஒரு வீட்டில் இணையம் வந்து வந்து போனது. ரவுட்டரின் பின்னால் இருந்த வயரைக் கழற்றிப் பார்த்தால், தங்க நிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகடும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. உப்புக் காற்று. அந்த வயரின் நுனியை வெட்டிப் புதுத் தலை போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. ரவுட்டரை யன்னலோரம் வைத்திருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள்.

திங்கட்கிழமைக்கு முந்தி ஒரு வேலை. வைஃபை சரியான உடனேயே விண்டோஸ் தன் அப்டேட்களை இறக்கத் தொடங்கும், புது லப்டொப் என்றால் பல கிகாபைட். போன் ஹொட்ஸ்பொட்டில் இருந்தால் அம்மாவின் டேட்டா இரவோடு இரவாகப் போய்விடும். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள செட்டிங்ஸில் மீட்டர்ட் கனெக்ஷன் என்பதைப் போட்டு வையுங்கள், விண்டோஸ் கையைக் கட்டிக்கொள்ளும். வீட்டு வைஃபைக்குத் திரும்பியதும் எடுத்துவிடலாம்.

இன்றைக்கு இரவே சனலை 6க்கு மாற்றிப் பாருங்கள். வராவிட்டால் மூன்று விடயம் எழுதி அனுப்புங்கள்: அனலைசரில் வீட்டு வைஃபைக்கு எதிரே நிற்கும் எண், ஹொட்ஸ்பொட்டில் லப்டொப் இணைந்ததா இல்லையா, ஹார்ட்வெயார் ஐடியில் வென்னுக்குப் பின்னால் உள்ள நாலெழுத்து. சனிக்கிழமை பின்னேரம் நான் நிலாவெளி வீதியால் வருகிறேன், தேவையென்றால் எட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் கார்டுக்கு முற்பணம் கேட்டால் மட்டும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்.